சாய்வா, நாட்டமா: ‘இன்க்ளினேஷன்’ என்ற சொல்லுக்குத் தமிழ் எது?

மொரிஷியஸில் தமிழ் படிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டில் பிரெஞ்சிலிருந்து கிளைத்த உள்ளூர் மொழியான கிரியோல் பேசுகிறார்கள். பாடநூலை ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். செய்தித்தாளைப் பிரெஞ்சில் புரட்டுகிறார்கள். ‘இன்க்ளினேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அவர்கள் தமிழ் கேட்டால், ஒரே சொல்லைச் சொல்லி முடித்துவிட முடிவதில்லை. ஆங்கிலத்தில் அது தரையின் சரிவையும், கோளின் பாதை சாய்ந்திருக்கும் கோணத்தையும், தலை தாழ்த்துவதையும், மனம் ஒன்றை விரும்பி நகர்வதையும் சேர்த்தே சுமக்கிறது. பிரெஞ்சு மொழியோ அதே லத்தீன் வேரிலிருந்து இரண்டு சொற்களை வளர்த்து, அளக்கக்கூடிய சாய்வை ‘ஆன்க்ளினேஸோன்’ என்றும், மனத்தின் விருப்பத்தை ‘ஆன்க்ளினாஸியோன்’ என்றும் பிரித்துவிட்டது. தமிழிலும் பிரித்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து. எதை எங்கே வைப்பது என்பதில்தான் போட்டி.

அளவைப் பொறுத்தவரை ‘சரிவு’, ‘சாய்வு’ ஆகிய இரண்டுமே முன்னிற்கின்றன. குவாத்ர் போர்ன் நகரில் கோர் தெ கார்த் மலையில் இருக்கும் முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று காவடி எடுத்து ஏறுபவருக்கு அந்தப் படிகள் ஏற்றம். திரும்பி இறங்கும்போது அதே வழி சரிவு. அதாவது, சரிவு என்றாலே கீழ்நோக்கிய திசை ஒன்று சொல்லுக்குள் புகுந்துவிடுகிறது. மேலும் கீழும் ஆடவிட்ட காந்த ஊசி கிடைமட்டத்திலிருந்து விலகும் கோணத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் குறை இன்னும் தெளிவாகும்; அதற்கும் ஆங்கிலத்தில் ‘இன்க்ளினேஷன்’ என்றே பெயர். வட அரைக்கோளத்தில் ஊசியின் வடமுனை கீழே இறங்கும். மொரிஷியஸ் போன்ற தெற்குத் தீவில் அது மேலே எழும்பி, தென்முனை இறங்கும். இதனாலேயே இயற்பியலில் இங்குள்ள கோணத்தை எதிர்க்குறியிட்டு எழுதுவார்கள். மேலே எழும் முனையைச் சரிவு என்பது பொருந்தாது. சாய்வு என்றால் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தும். நிலவின் பாதை பூமியின் பாதைத் தளத்துக்குச் சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால்தான் மாதந்தோறும் கிரகணம் நிகழ்வதில்லை என்று விளக்கும்போதும் சாய்வே கைகொடுக்கிறது. விலை வீழ்ச்சிக்குச் சரிவை விட்டுவிடலாம்.

மனத்துக்கு வந்தால் சாய்வு தடுமாறுகிறது. ‘அவளுக்கு இசையில் சாய்வு உண்டு’ என்று யாரும் சொல்வதில்லை; நீதிபதிக்கோ நாளிதழுக்கோ சாய்வு உண்டு என்றால் அது குற்றச்சாட்டாகிவிடுகிறது. வினையாக்கினால் மட்டும் குற்றம் நீங்குகிறது: ‘அவள் மனம் இசைப் பக்கம் சாய்ந்தது’ என்பது இயல்பான தமிழ். பெயர்ச்சொல்லாகவே வேண்டுமென்றால் ‘நாட்டம்’ நல்லது. நாடுதல் என்ற வினையிலிருந்து வருவதாலும், பழைய இலக்கியத்தில் கண்ணையும் குறிப்பதாலும், அதில் தேடிப் பார்க்கும் விழிப்பு இருக்கிறது. தானாகச் சரியும் இயல்பு மட்டும் இல்லை. அந்த இயல்புக்குப் ‘போக்கு’ உதவும். ஆனால் அதை மனிதரிடம் பொருத்தினால், ‘அவன் போக்கே சரியில்லை’ என்பதுபோல நடத்தை பற்றிய முறைப்பாடாக ஒலிக்கக்கூடும். ‘விருப்பம்’ எளிமையானது, எனினும் வலுவற்ற, பாதி முடிவாகாத நகர்வை அது முழு ஆசையாக ஆக்கிவிடுகிறது.

வளைவையும் மனத்தையும் ஒருங்கே சொன்ன பழைய சொல் ஒன்று உண்டு: ‘கோட்டம்’. சொல்லில் கோணல் இல்லாத செப்பம், ‘உட்கோட்டம்’, அதாவது மனக் கோணல், இல்லாதபோதே வாய்க்கும் என்கிறது 119ஆம் குறள். அங்கும் கோட்டம் பழிக்குரியதே. இன்று அச்சொல்லைக் கேட்பவருக்கு ரயில்வே கோட்டமோ வள்ளுவர் கோட்டமோ நினைவுக்கு வரும். ஆகவே அதை மீட்டெடுக்க நான் வாதாட மாட்டேன்.

எனக்குப் பிடித்த சொல் அகராதி மேசையில் கிடைத்ததல்ல, தமிழ்நாட்டுக் கொத்தனார்களின் பேச்சில் கிடைத்தது. 1960இல் கரோல் புயல் அடித்தபின் மொரிஷியஸ் வீடுகளில் பரவலான தட்டைக் கான்கிரீட் கூரையை நாங்கள் ‘தால்’ என்கிறோம். அதில் மழைநீர் தேங்காமல் ஓட விடவேண்டிய மெல்லிய சாய்வை அந்தக் கொத்தனார்கள் ‘வாட்டம்’ என்பார்கள். ‘கைவாட்டம்’ என்றால் கைக்கு இயல்பாக வரும் பக்கம். கூரையிலும் கையிலும் ஒரே சொல் செல்லுபடியாவது ஆங்கிலச் சொல்லுக்கு மிக நெருக்கம். ஆயினும் ‘அவளுக்கு இசையில் வாட்டம்’ என்று எழுதினால், அவள் பாட முடியாமல் சோர்ந்து கிடப்பதாகத்தான் வாசகர் எண்ணுவார்.