கால் தோலா வெட்டிவேர் அத்தரும் என் மூக்கும்

திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன அத்தர் கடையில் கால் தோலா வெட்டிவேர் அத்தர் வாங்கி ஒரு மாதம் ஆகிறது. கால் தோலா என்றால் ஏறக்குறைய 3 மில்லி, 450 ரூபாய். இருபது வயதில் யாராவது சும்மா கொடுத்திருந்தால்கூட வாங்கியிருக்க மாட்டேன், தாத்தாவின் டிரங்குப் பெட்டி வாசனை என்று மூக்கைப் பொத்தியிருப்பேன்.

அப்போது எனக்கு வாசனை என்றால் நீல பாட்டில்தான். 1988இல் டேவிடாஃப் கூல் வாட்டர் வந்த பிறகு, குளித்துவிட்டு அப்போதுதான் வெளியே வந்ததுபோன்ற ஈரக் குளிர்ச்சிதான் ஆண்களுக்கான சென்ட் என்று ஆகிவிட்டது, ஆனால் எங்கள் ஹாஸ்டலில் அசல் வாங்க யாரிடம் காசு இருந்தது, நடைபாதையில் கிடைத்த நகலைத்தான் பஸ்ஸின் கடைசி சீட்டு வரை போய்ச் சேரும் அளவுக்கு அடித்துக்கொள்வோம். நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. முப்பதுகளில் வெனிலா, காரமெல் என்று இனிப்புப் பக்கம் போனேன். இப்போது நாற்பத்தாறு. லிஃப்டில் யாராவது அந்தப் பஞ்சு மிட்டாய் வாசனையோடு ஏறினால் நான் படியில் இறங்கிவிடுகிறேன். என் மகள் அதைத்தான் தினமும் அடித்துக்கொள்கிறாள், அது வேறு கதை.

சரி, அத்தருக்கு வருவோம். கடைக்கார பாய் முதலில் ஒயிட் ஊத் என்று ஏதோ ஒன்றைக் கண்ணாடிக் குச்சியால் புறங்கையில் தொட்டு வைத்தார், சோப்புத் தூள் மாதிரி இருந்தது. வெட்டிவேர் கேட்டதும் மேல்தட்டிலிருந்து எடுத்தார். "சந்தன எண்ணெயில இறக்குனது இல்ல சார், அது வேணும்னா விலை வேற" என்று அவராகவே சொன்னது பிடித்திருந்தது. அத்தருக்குப் பேர்போன உத்தரப்பிரதேச ஊரான கன்னௌஜில் பழைய முறை என்பது செப்புப் பானையில் வேரைத் தண்ணீரோடு கொதிக்கவிட்டு, வரும் ஆவியைச் சந்தன எண்ணெய் இருக்கும் இன்னொரு பாத்திரத்தில் பிடிப்பது. சந்தனம் விலை ஏற ஏற, பலர் அதற்குப் பதிலாக லிக்விட் பாரஃபின் என்ற வாசனையில்லாத எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள். எதிலும் கலக்காத சுத்த வேர் எண்ணெய்க்கு ரூஹ் கஸ் என்று பெயர். அதன் விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திருப்பி வைத்துவிட்டேன்.

பூசிய முதல் பத்து நிமிடம் கொஞ்சம் முரடு. ஈர மண், பச்சை வேர், லேசான புகை. ஓட்டமாக ஓடி பஸ் பிடித்து வேர்த்த பிறகுதான் திறந்துகொள்கிறது, கோடையில் பானையில் வேர் போட்டு வைத்த தண்ணீரைக் குடிக்கும்போது மூக்கில் ஏறுமே, அதே வாசனை. மதியத்துக்கு மேல் சீவிய பென்சில் மாதிரி ஆகிவிடும். மாலை வரை நிற்கிறது, ஆனால் பக்கத்தில் வந்தால்தான் தெரியும். ஒரு காலத்தில் இதைக் குறையாக எழுதியிருப்பேன்.

உண்மையான குறை பாட்டில்தான். மூடி ஒழுகி ஒரு வெள்ளைச் சட்டை போனது, பாரஃபின் கறை துவைத்தும் போகவில்லை. வேறு பாட்டிலில் மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, அளவு. என் மாமனார் ஜவ்வாதைப் பவுடர் மாதிரி அள்ளிப் பூசுவார், வயதாக ஆக மூக்கின் கூர்மை குறைவதால் அவருக்கே அது தெரிவதில்லை. போதாக்குறைக்கு, எந்த வயதிலும் நம் மேல் இருக்கும் வாசனை கொஞ்ச நேரத்தில் நமக்கே பழகிப்போய்விடும். அதனால் கிளம்பும்முன் மகளிடம் கையை நீட்டுகிறேன். "தாத்தா ரூம் வாசனைப்பா, ஆனா ஓகே" என்றாள்.

தீர்ந்தால் மறுபடி இதையே வாங்குவேன். பாய் மிட்டி அத்தரும் காட்டினார், சுட்ட களிமண்ணிலிருந்து இறக்குவது, முதல் மழை விழுந்த தரை மாதிரி மணக்கும். முகர நன்றாகத்தான் இருந்தது, சட்டையில் பூசிக்கொண்டு ஆபீஸ் போக இன்னும் மனசு வரவில்லை.