எட்டாம் நாள் காணாமல் போன முகங்கள்
கருங்கல் பக்கம் ஒரு அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வருகைப்பதிவு பார்க்கிறேன். முந்திரி உடைக்கும் 300 பெண்களின் போட்டோவும் அமேசானின் இணையச் சேமிப்பிடமான எஸ்3-யில் இருக்கிறது. நாகர்கோவிலில் எழுதி வாங்கிய வெப் ஆப் அங்கிருந்து எடுத்துக் காட்ட வேண்டும். முதல் வாரம் அருமை. எட்டாம் நாள் எல்லா முகமும் வெறும் கட்டம்! படத்தைத் திறக்க எஸ்3-யில் உருவாக்கும் காலக்கெடு வைத்த லிங்க் அதிகபட்சம் 7 நாள்தான் செல்லும். அதை அப்படியே டேட்டாபேசில் போட்டு வைத்திருக்கிறார்கள். நாலு மேரி இருக்கிற இடத்தில் படம் இல்லாமல் சம்பளம் போட்டுப் பாருங்கள், தெரியும். அப்புறம் கோப்பின் பெயரை மட்டும் சேமித்து, பக்கம் திறக்கும்போதெல்லாம் புது லிங்க் உருவாக்கும்படி மாற்றினார்கள். தனிக் காசு கேட்கவில்லை, சரி. ஆனால் போனில் எடுத்த முழுப்படமே இறங்குவதால், மழை நாளில் பட்டியல் திறப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. 5-க்கு 3.