ஏணிக்கு இரண்டு கை: ஓட்டு வீட்டுக்கு ஸ்டாண்ட்-ஆஃப் வாங்கலாமா?

ஏணித் தலையைச் சுவரிலிருந்து தள்ளி நிறுத்தும் ஸ்டாண்ட்-ஆஃப் சட்டத்தைப் பற்றிய தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூரை அதிகம் வெளியே நீட்டாத பக்கச் சுவர் இருக்கிறதா, வாங்குங்கள். முன்பக்கத்துத் தாழ்வாரத்துக்காக என்றால் காசு வீண். மங்களூர் ஓட்டின் மேலேயே அதன் கைகளை ஊன்றி ஏறலாம் என்று நினைத்து வாங்கினால் அந்தப் பணத்தோடு நாலைந்து ஓட்டின் விலையையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.

பொருள் இதுதான். ஏணியின் மேல் படிகளில் போல்ட் போட்டு மாட்டுகிற அலுமினியக் குழாய்ச் சட்டம். இரண்டு பக்கமும் கை விரித்தாற்போல் நான்கடி அகலத்துக்குப் போய், அங்கிருந்து சுவரை நோக்கி ஓரடி நீள்கிறது. நுனியில் ரப்பர் மூடி. ஏணி சுவரைத் தொடாது, இந்தக் கைகள்தான் தொடும். ஆன்லைனில் 'லேடர் ஸ்டேபிலைசர்' என்றும் 'ஸ்டாண்ட்-ஆஃப்' என்றும் கிடைக்கிறது. ஒரே அச்சில் வார்த்ததைப் பல பெயரில் விற்கிறார்கள், அதனால் பிராண்டு பெயருக்கு அர்த்தமில்லை. நான் கொடுத்தது மூவாயிரத்துச் சொச்சம்.

எனக்கு இது ஏன் தேவைப்பட்டது என்றால், எங்கள் வீடு காக்ஸ் டவுனில் அறுபதுக்கு நாற்பது சைட்டில் இருக்கிற பழைய ஓட்டு வீடு. பெங்களூரில் 2009-இல் குடிநீர் வாரியச் சட்டத்தைத் திருத்தி மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்களே, இந்த அளவுள்ள பழைய வீடுகளும் அதில் அடக்கம். அப்போது ஓட்டு விளிம்பு முழுக்க அரைவட்ட பி.வி.சி. கட்டர், அதாவது கூரைத் தண்ணீரைப் பிடிக்கும் வாய்க்கால், போட்டோம். அதிலிருந்து குழாய், ஃபில்டர், சம்ப். அன்றைக்குச் சட்டத்துக்குப் பயந்து செய்ததுதான். 2024 கோடையில் டேங்கருக்காகத் தெருவே காத்திருந்தபோது அதன் அருமை தெரிந்தது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 2,300 லிட்டர் தண்ணீர். அது சம்புக்குப் போவதா சாக்கடைக்குப் போவதா என்பது கட்டரில் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரங்கள். பார்க்க அழகு, நிழலுக்குக் கேட்கவே வேண்டாம், ஆனால் அந்தப் பொடி இலை கட்டரில் ஊறிக் களியாகிவிடும். மே மாத மழைக்கு முன்னால் ஒருமுறை அள்ள வேண்டும். செப்டம்பர், அக்டோபரில்தான் இங்கே மழை வெளுத்து வாங்கும் என்பதால் அதற்கு முன்னால் இன்னொரு முறை.

அள்ளுவது நான்தான். வீட்டுக்காரருக்கு உயரம் ஆகாது, மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரை எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். அவர் கீழே நின்று ஏணியைப் பிடிப்பார். அத்தை வாசலிலிருந்து, "ஐம்பத்திரண்டு வயசுல உனக்கு எதுக்கும்மா இது, ஒரு ஆளைக் கூப்பிடக் கூடாதா?" என்பார். கூப்பிட்டோம் அத்தை. வந்த பெயின்டர் மூங்கில் ஏணியை நேராகக் கட்டர் மேலேயே சாய்த்து ஏறினார். இரண்டு கிளிப் உடைந்து, ஒரு ஜாயின்ட் வாய் பிளந்தது. அந்த மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் சுவரில்தான் இறங்கியது.

நான் பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருகிறவள். அந்தக் கிளிப்புகள் ஏன் உடைந்தன என்று பார்க்காமல் எனக்கு ஓடாது. மத்தியப் பாடத்திட்டத்துப் பதினோராம் வகுப்பில் ஓர் ஏணிக் கணக்கு வரும்: 3 மீட்டர் நீளம், 20 கிலோ எடை, அடி சுவரிலிருந்து 1 மீட்டர் தள்ளி, வழவழப்பான சுவர். சுவர் மீது விழும் அழுத்தம் 34.6 நியூட்டன், அதாவது மூன்றரை கிலோ. ஆனால் அந்த ஏணியில் ஆள் கிடையாது. ஆளை ஏற்றிப் பாருங்கள். என் எடை 62 கிலோ, ஏணி 10 கிலோ. ஏணி சாயும் இடம் பத்தடி உயரத்தில், நான் ஏழாவது அடியில் நிற்கிறேன், அடிப்பக்கம் முறைப்படி இரண்டரை அடி தள்ளி இருக்கிறது என்றால், மேலே பக்கவாட்டில் விழும் தள்ளல் சுமார் 12 கிலோ. அவசரத்தில் அடியை ஐந்தடி தள்ளி வைத்தால் அது இரட்டிப்பாகி 24 கிலோ. இப்போது கட்டரைப் பாருங்கள். 5 அங்குல அரைவட்டக் கட்டர் விளிம்பு வரை நிரம்பினால் ஒரு மீட்டருக்கு 6 லிட்டர் சொச்சம் தண்ணீர் நிற்கும். அந்த எடையைக் கீழ்நோக்கித் தாங்குவதற்குத்தான் கிளிப்பும் திருகாணியும். அதே கிளிப்பை 12 கிலோவோ 24 கிலோவோ பக்கவாட்டில், ஏணியின் இரண்டு கால் தொடும் இரண்டே புள்ளிகளில் தள்ளினால், ஒவ்வொரு படி ஏறும்போதும் ஆட்டிவிட்டுத் தள்ளினால், உடையாமல் என்ன செய்யும்? போதாததற்கு அலுமினியமும் ஈர பி.வி.சி.யும் ஒன்றையொன்று பிடிக்கவே பிடிக்காது. ஏணியின் தலை பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும். கட்டரை விடுங்கள், அதில் நிற்கிற ஆளை யோசியுங்கள்.

ஏணித் தலையில் கோணிச் சாக்கைச் சுற்றுவது நம் ஆட்கள் வழக்கம். கீறல் விழாது, அவ்வளவுதான். தள்ளல் ஒரு கிராம்கூடக் குறையாது. கட்டருக்கு உள்ளே சரியான அளவில் மரக்கட்டை வைத்து அதன் நேருக்கு ஏணியைச் சாய்ப்பதும் உண்டு. கட்டர் நசுங்காமல் இருக்கத் தகரக் கட்டரில் அது கொஞ்சம் உதவும். பி.வி.சி.யில் கட்டர் நசுங்காது, கிளிப்தான் போகும்.

ஸ்டாண்ட்-ஆஃப் இந்தத் தள்ளலைக் குறைப்பதில்லை. கட்டரிலிருந்து எடுத்துச் சுவருக்குக் கொடுக்கிறது. செங்கல் சுவருக்கு 12 கிலோ ஒரு பொருட்டே இல்லை. எங்கள் கிழக்குப் பக்கத்தில் ஓடு நாலு அங்குலம் நீட்டல், கட்டர் ஐந்து அங்குலம், ஆக ஒன்பது அங்குலம். கை ஓரடி. ஏணித் தலை கட்டருக்குக் கீழேயே நின்றுவிடும்படி வைத்தால் எதுவும் எதையும் தொடாது. ஏழாவது அடியில் நின்றால் கட்டர் நெஞ்சுக்கு நேராக வருகிறது. முன்பெல்லாம் கட்டர் முகத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும், அள்ளுவதற்குக் கை மடங்காது. இப்போது உள்ளே எட்டிப் பார்த்து, கரண்டியால் வழித்து, வாளியில் போடுகிறேன். நான்கடி அகலத்தில் ஊன்றுவதால் ஏணித் தலை ஆடுவதும் நின்றுவிட்டது. ஜன்னலுக்கு நேராக வைக்க வேண்டி வந்தாலும் கைகள் இரண்டும் ஜன்னலுக்கு இருபுறமும் சுவரில் உட்காருகின்றன, கண்ணாடிக்குப் பயமில்லை. இந்த ஒரு வேலைக்காகவே கொடுத்த காசு சரி என்பேன்.

கூடவே வந்த தாளில் ஒரு விஷயம் இல்லை. ஏணிக்கு நாலுக்கு ஒன்று என்ற விதி எல்லோருக்கும் தெரியும்: நாலடி உயரத்துக்கு ஓரடி தள்ளி அடியை வைக்க வேண்டும், கிட்டத்தட்ட 75 டிகிரி வரும். (பாடப்புத்தகத்து ஏணி அதைவிடப் படுத்திருக்கிறது, எழுபதரை டிகிரிதான். பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள்.) ஸ்டாண்ட்-ஆஃப் மாட்டிவிட்டால் ஏணியின் தலையே சுவரிலிருந்து ஓரடி வெளியே இருக்கிறது. அதனால் சுவரிலிருந்து அளக்கும்போது அந்த ஓரடியையும் சேர்க்க வேண்டும். பத்தடி உயரத்துக்கு இரண்டரையும் ஒன்றும் மூன்றரை. சேர்க்காமல் பழைய கணக்கில் வைத்தால் ஏணி செங்குத்தாகிவிடும், கொஞ்சம் பின்னால் சாய்ந்தால் ஆளோடு மல்லாந்துவிடும்.

இதனால் எங்கள் மேற்குப் பக்கம் அவுட். காம்பவுண்டுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டரை அடிதான் சந்து. பெங்களூரில் பாதி வீடு இப்படித்தான். வாங்குவதற்கு முன்னால் டேப்பை எடுத்துச் சந்தை அளந்துவிடுங்கள், கூரை நீட்டலையும் அளந்துவிடுங்கள். நீட்டலும் கட்டரும் சேர்ந்து ஓரடியை நெருங்கினாலே இது உதவாது. மேற்குப் பக்கத்தைக் கீழிருந்தே நீளக் கம்பில் வளைந்த குழாய் மாட்டித் தண்ணீர் பீய்ச்சித்தான் கழுவுகிறேன். முன்பக்கத்தில் தாழ்வாரமே மூன்றடி, அங்கே தானாக நிற்கும் 'ஏ' டைப் ஏணிதான்.

விற்பவர்கள் போடும் படத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். அதில் கைகள் கூரை மேலேயே ஊன்றியிருக்கும், கட்டருக்கு மேலாகத் தாண்டிப் போய். அது அமெரிக்க வீடு. அங்கே கூரை முழுக்கப் பலகை அடித்து அதன் மேல் தார் பூசிய ஷிங்கிள் தகடுகளை ஆணியடித்திருப்பார்கள், எங்கே ஊன்றினாலும் தாங்கும். நம் மங்களூர் ஓடு ஓரடிக்கு ஒன்று என்று போட்ட ரீப்பர் மரச் சட்டங்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் காற்றுதான். ரப்பர் நுனி அந்த நடுவில் விழுந்தால் விரிசல் நிச்சயம்.

பொருத்துவதில் தகராறு. கூட வந்த யூ-போல்ட்டுகள் உருண்டை, எங்கள் ஏணிப் படிகளோ சதுரம். இறுக்கினாலும் நழுவியது. எஸ்.ஜே.பி. ரோட்டுக்குப் போய் ஒரு போல்ட் கடையில் படியின் அளவைச் சொன்னேன். கடைக்காரர் கன்னடத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறி, "மேடம், சதுர யூ-போல்ட் எட்டு எம்.எம். போடுங்க, நட் நைலாக் போடுங்க, ஆட்டத்துல கழலாது" என்று நாலு செட் எடுத்துக் கொடுத்தார். ஆன்லைன் விற்பனையாளரிடம் இதே கேள்வியைக் கேட்டதற்கு 'யுனிவர்சல் ஃபிட்' என்று இரண்டே சொல்லில் பதில் வந்திருந்தது. மாட்டிய பிறகு ஏணி கனமாகிறது, தலைப்பக்கம் கனம் கூடுவதால் ஒருத்தியாக நிமிர்த்த முடியவில்லை. இரண்டு பேர் வேண்டும். எங்கள் வீட்டில் எப்படியும் இரண்டு பேர்தான், அதனால் பரவாயில்லை.

இது இருக்கிற தைரியத்தில் சில விஷயங்கள் மறந்துபோகும். கைகள் சுவரைத் தொடும் உயரத்துக்கு மேலே உள்ள படியில் கால் வைக்கக் கூடாது. அகலமாக ஊன்றியிருக்கிறதே என்று பக்கவாட்டில் எட்டி அள்ளக் கூடாது. தொப்புள் ஏணியின் இரண்டு காலுக்கும் நடுவிலேயே இருக்க வேண்டும். இறங்கி, நகர்த்தி, மறுபடி ஏறுவது சலிப்புதான், என்ன செய்ய. வாளியைப் படியில் ஒரு கொக்கி போட்டு மாட்டிவிட்டால் கை ஓய்வாக இருக்கும். ஸ்டாண்ட்-ஆஃப் மேல்பக்கத்துக்கு மட்டும்தான் உத்தரவாதம். அடிப்பக்கத்தில் கடப்பைக் கல்லில் பாசி இருந்தால் அதைத் தேய்த்துக் கழுவிக் காய்ந்த பிறகுதான் ஏணியை நிறுத்த வேண்டும்.

மின்சாரக் கம்பியையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தென்கிழக்கு மூலையில் கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் கூரைக்குப் பக்கத்தில் வருகிறது. மெயினை அணைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மெயினை அணைத்தால் வீட்டுக்குள் மட்டும்தான் கரண்ட் நிற்கும், கம்பத்திலிருந்து மீட்டர் வரை உயிரோடுதான் இருக்கும். ஏணி அலுமினியம், இந்தக் கையும் அலுமினியம், அதுவும் இருபுறமும் விரிந்த கை. பத்தடிக்குள் கம்பி இருக்கும் இடத்தில் இதை நிமிர்த்தவே கூடாது. அந்த மூலையில் வேலை இருந்தால் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமுக்கு 1912 என்ற எண்ணில் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் ஆள் ஏறுவார், அதுவும் ஃபைபர் ஏணியில்.

குறை என்று பார்த்தால் ரப்பர்தான் பெரிய குறை. சுவரில் கறுப்பு வட்டம் வட்டமாக அச்சு விழுகிறது. பழைய சாக்ஸை மாட்டலாம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் யோசனை சொன்னார். அடையாளம் விழாது, ஆனால் பிடிப்பும் போய்விடும், அதனால் நான் மாட்டவில்லை. சுண்ணாம்பு உதிரும் பழைய சுவராக இருந்தால் முதலில் துடைப்பத்தால் பெருக்கிவிட்டு ஊன்றுங்கள், தூள் மேல் ரப்பர் வழுக்கும். போன மழைக்காலத்துக்குள் ஒரு ரப்பர் மூடி வெடித்தே போய்விட்டது. உதிரி கேட்டு எழுதினால் தனியாகத் தருவதில்லையாம், முழு செட் வாங்க வேண்டுமாம். குழாயின் விட்டம் ஓர் அங்குலம். வயதானவர்கள் பிடித்து நடக்கும் வாக்கருக்குப் போடுகிற ரப்பர் புஷ் கச்சிதமாக உட்காருகிறது, பிடிப்பும் கம்பெனி ரப்பரைவிட நன்றாக இருக்கிறது. எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கேட்கலாம். அத்தையின் வாக்கருக்கு வாங்கப் போனபோது எனக்கும் ஒரு ஜோடி சேர்த்து வாங்கி வந்தேன். 5-க்கு 3.5 மதிப்பெண் கொடுக்கிறேன். உதிரி ரப்பரும் சதுர போல்ட்டும் பெட்டிக்குள்ளேயே இருந்திருந்தால் 4.5.