வரலாற்றுப் பாடத்துக்குக் கன்வாவா, டிங்கர்காட்டா?

கன்வா போஸ்டர் வடிவமைக்கிற தளம், டிங்கர்காட் முப்பரிமாண மாதிரி கட்டுகிற தளம். ஒல்லாந்தர் காலக் கொழும்பைப் படிப்பிக்கும்போது இரண்டையும் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்தேன். இப்போது டிங்கர்காட் பக்கம் சாய்ந்துவிட்டேன், அதனால் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டும் பிரவுசரிலேயே ஓடும், பாடசாலை காசு கட்டத் தேவையில்லை. கன்வாவில் தமிழ் எழுத்துரு உண்டு, வேலையும் வடிவாக வரும்.

வில்லங்கம் அந்த வடிவில்தான். பழைய தாள் நிறத்தில் ஒரு டெம்ப்ளேட் எடுத்து, ஒல்லாந்தர் கொழும்பைப் பிடித்த 1656, இழந்த 1796 என்று இரண்டு வட்டம் போட்டால் போஸ்டர் முடிந்தது. பாடநூல் வசனம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

டிங்கர்காட்டைத் திறந்தால் 200 மில்லிமீற்றர் சதுரத் தளம் வெறுமையாகக் கிடக்கும். மதில் சூழ்ந்த பழைய கொழும்பை அதில் கட்ட வேண்டும். முதல் சண்டையே அளவில். ஒரு மில்லிமீற்றரை ஐந்து மீற்றராக எடுத்தால் ஒரு கிலோமீற்றர் அடங்கும். ஆனால் மதிலைப் பத்து மீற்றர் என்று வைத்தாலும் தளத்தில் அது 2 மில்லிமீற்றர்தான். "உயரத்தைக் கூட்டினா பொய்யாகாதா, சேர்?" என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்திலிருந்தவள் விடவில்லை: "பழைய படம் கீறின ஆளும் கூட்டித்தானே கீறியிருப்பார்?" மூலாதாரங்களைப் பற்றி ஒரு பாடவேளை முழுக்க நான் கத்தியிருந்தாலும் இந்தக் கேள்வி வந்திராது.

பிறகு வாசல். மதிலைப் பிரித்தானியர் 19ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள். புறக்கோட்டையில் சாமான் வாங்கப் போகும்போது கடக்கிற கேமன் கேட் மணிக்கோபுரம், பழைய நகரத்து வாசலொன்றின் அடையாளம் என்று அப்போதுதான் பிடிபட்டது. பேர வாவியை எதுவரை நீட்டுவது என்று இன்னொரு குழு மல்லுக்கட்டியது. ஆதாரமுள்ள பகுதிக்கு ஒரு நிறம், ஊகத்துக்கு வேறு நிறம், காரணம் கொப்பியில். நான் புள்ளி போடுவது கொப்பிக்குத்தான்.

கன்வா வெல்லும் இடமும் உண்டு. கொழும்பு தேசிய நூதனசாலையிலுள்ள 1409ஆம் ஆண்டின் காலி மும்மொழிக் கல்வெட்டு, சீனத்தில் புத்தரையும் தமிழில் தேனாவரை நாயனார் என்ற தெய்வத்தையும் போற்றுகிறது, பாரசீகப் பகுதி இஸ்லாத்தைச் சார்ந்தது. மூன்று பத்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அதைவிட வசதி இல்லை.

நான் செய்தது சிறு குழுக்களோடு. நாற்பது பேர் வகுப்பில் எப்படிப் போகும் என்று வாக்குத் தர மாட்டேன். மௌஸ் இல்லாமல் போனில் மதிலை இழுத்து வைப்பதும் பெரும்பாடு. கணினி ஆய்வுகூடம் கிடைக்காத தவணையில் நானும் கன்வாவைத்தான் எடுப்பேன், டெம்ப்ளேட் தொடக்கூடாது என்ற நிபந்தனையோடு.