24 மீற்றர் கம்பிவலை: முக்கோணியா, சதுரமா, வட்டமா?

தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் மரக்கறி போட வேண்டும். காட்டுப்பன்றி இறங்காமலிருக்க வேலி வேண்டும். கையிலிருப்பது 24 மீற்றர் கம்பிவலை. எந்த வடிவத்தில் அடித்தால் கூடுதல் லீக்ஸ் நடலாம்? தலவாக்கலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் இதைக் கரும்பலகையில் சொல்லவில்லை. மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்ட நைலோன் கயிற்றை மைதானத்தில் இழுக்கச் சொன்னேன்.

முதலில் முக்கோணி. மூன்று பக்கமும் 8 மீற்றர் என்றால் பரப்பளவு 27.7 சதுர மீற்றர். 6, 8, 10 என்று செங்கோணமாக இழுத்தால் 24. 11, 11, 2 என்று ஒடுக்கினால் 11கூட வராது. "சேர், கயிறு அதேதானே, இடம் எங்கே போனது?" என்றாள் ஒருத்தி. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

முக்கோணிக்குள் மூன்று பக்கங்களையும் தொடும் வட்டம் ஒன்றை வரையுங்கள். அதன் மையத்திலிருந்து மூலைகளுக்குக் கோடிழுத்தால் மூன்று சிறிய முக்கோணிகள் கிடைக்கும். மூன்றுக்கும் உயரம் ஒன்றே, அந்த வட்டத்தின் ஆரை. ஆகவே பரப்பளவு என்பது பாதிச் சுற்றளவை அந்த ஆரையால் பெருக்கியது. பாதிச் சுற்றளவு எப்போதும் 12தான், மாறுவது ஆரை. 6, 8, 10க்கு ஆரை 2. ஒடுக்கிய முக்கோணியில் அது ஒரு மீற்றருக்கும் குறைவு. இடம் போனது அங்கேதான்.

இதே கணக்கு சதுரத்துக்கும் பொருந்தும்: ஆரை 3, பரப்பளவு 36. ஒழுங்கான அறுகோணிக்கு 41.6, முழு வட்டத்துக்கு 45.8. செவ்வகத்தில் உள்வட்டம் நான்கு பக்கத்தையும் தொடாது. அதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். 8க்கு 4 என்றால் 32. 10க்கு 2 என்றால் 20தான், சமபக்க முக்கோணியிடமே தோற்றுவிடுகிறது.

கணக்கில் வட்டம் வெல்கிறது. ஆனால் சரிவில் குறுக்காக நேர்ப்பாத்தி வெட்டுகிறவருக்கு வட்டத்தின் ஓரமெல்லாம் வீண். வெட்டவெளியில் என் தெரிவு சதுரமே.

லயத்துச் சுவர் ஒரு பக்கமாகக் கிடைத்தால் கதை மாறும். 6க்கு 12 என்று அடித்தால் 72, சதுரத்தைப் போல இரண்டு மடங்கு. சுவரும் கல்கட்டும் செங்கோணமாகச் சந்திக்கும் மூலை கிடைத்தாலோ, 12க்கு 12 சதுரமாக மடித்தால் 144. மடிக்காமல் குறுக்கே நேராக இழுத்து இருசமபக்க முக்கோணியாக்கினாலும் அதே 144! மைதானத்தில் கடைசியாக நின்ற முக்கோணி இங்கே சதுரத்தோடு சமமாக நிற்கிறது.

இரண்டையும்விட நான் விரும்புவது நடுவழி. மூலையிலிருந்து இரு சுவரிலும் 15.7 மீற்றரில் அடையாளமிட்டு, வலையின் இரு முனைகளையும் அங்கே கட்டி, நடுப்புள்ளியை வெளியே விறைப்பாக இழுத்து ஒரு கால் நடுங்கள். ஏறக்குறைய 174 சதுர மீற்றர். ஒரு பேர்ச் 25.3 சதுர மீற்றர்; பேர்ச்சஸ் கணக்கில் 7க்குச் சற்றுத்தான் குறைவு.