வெள்ளவத்தை ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்பு: ஒரு ‘கோ’வுக்கு (go) மூன்று கிழமை

தை மாதத்தில் இருந்து வெள்ளவத்தையில் ஒரு டீச்சர் தன் வீட்டு மேல்மாடியில் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலிஷ் வகுப்புக்குப் போய்வருகிறேன். பெயர்ப் பலகை எதுவும் இல்லை. வீட்டில் நடத்துவதால் பெயரையும் இலக்கத்தையும் எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், அதனால் எழுதவில்லை. காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று, அந்தப் பக்கத்து ஆக்களிடம் இங்கிலிஷ் டீச்சர் வீடு என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். சனி, ஞாயிறு பின்னேரம் இரண்டிரண்டு மணி நேரம், மாதம் 6,000 ரூபா, என்னோடு சேர்த்துப் பதினொரு பேர்.

பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரை ஆங்கிலம் படித்தோம், எழுதியதை வாசித்தால் விளங்குகிறது, ஆனால் வேலையில் ஒருவர் வேகமாகப் பேசினால் ‘கோ’ போன்ற சின்னச் சின்னச் சொற்களில் தடக்குப்படுகிறோம் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது சரியான வகுப்பு. சோதனைக்குப் படிக்கும் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம், பாடத்திட்டப்படி இங்கே எதுவும் நடக்காது.

நான் ஏன் போனேன் என்றால், புறக்கோட்டையில் இறக்குமதிக் கணக்குப் பார்க்கும் வேலை எனக்கு. ஒரு நாள் வெளிநாட்டில் இருந்து ஒருவர் தொலைபேசியில் ‘த பேமண்ட் ஹாஸ் கோன் த்ரூ’ என்றார். ‘கோன்’ என்பது காதில் விழுந்ததும் காசு போச்சு என்றுதான் என் மனம் எடுத்தது. மன்னிப்புக் கேட்டு, வங்கியில் விசாரித்துத் திருப்பி எடுத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. காசு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை மனம் ஆறவில்லை, இத்தனை வருடம் படித்த மொழியில் ‘கோ’ என்ற ஒரு சொல் என்னைக் கைவிட்டதே என்று.

இதற்கு முன் வேறொரு இடத்தில் மூன்று மாதம் படித்தேன். அங்கே இருநூறு வினைச்சொற்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கையில் தந்து, கிழமைக்கு இருபது பாடமாக்கச் சொன்னார்கள். ‘கோ ஓஃப்’ என்றால் வெடித்தல், பழுதாதல், அணைதல், ஒலித்தல், புறப்படுதல் என்று ஒரே வரியில் அடுக்கி இருந்தது. அணைதலும் ஒலித்தலும் எப்படி ஒரே சொல்லுக்குள் வந்தன என்று கேட்டேன், அது அப்படித்தான் என்றார்கள். அந்தப் பட்டியல் இன்னும் வீட்டில் கிடக்கிறது.

இந்த டீச்சர் மூன்று கிழமையாக ‘கோ’ ஒன்றை மட்டும் நடத்தினார். முதல் நாள் வெண்பலகையில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். தமிழ்ப் பக்கத்தில் கெட்டுப்போ, தோற்றுப்போ, களைத்துப்போ, ஒத்துப்போ என்று எழுதிவிட்டு, இதில் யார் எங்கே நடந்து போகிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் எங்கேயும் போகவில்லை. ‘போ’ கடைசியில் நிற்கிறது, பொருளை அதற்கு முன்னால் வரும் சொல்தான் சுமக்கிறது. ஆங்கிலத்தில் இதுவே கண்ணாடியில் தெரிவதுபோல: ‘கோ’ முன்னுக்கு வந்துவிடும், பொருளைச் சுமக்கிற சின்னச் சொல் பின்னால் வரும். ஆகவே ‘கோ’ என்று கேட்டவுடன் பொருள் பிடிக்க அவசரப்படாதீர்கள், அடுத்த சொல் வரும்வரை காதைத் திறந்து வைத்திருங்கள் என்றார். கட்டிய ஆறாயிரத்துக்கும் எனக்கு அன்றைக்கே பெறுமதி கிடைத்துவிட்டது.

அப்புறம் ‘த்ரூ’. ஒரு ஊசியையும் நூலையும் எடுத்து வந்தார். நூல் ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியே வர வேண்டும், பாதியில் நின்றால் அது ‘த்ரூ’ இல்லை. காசு எங்கள் வங்கிக்குள் நுழைந்து அவர்களுடைய வங்கியில் வெளியே வருகிறது, அதுதான் எனக்கு விளங்காமல் போன அந்த வாக்கியம். ஃபைலை ‘கோ த்ரூ’ பண்ணுவது என்றால் முதல் பக்கத்தில் நுழைந்து கடைசிப் பக்கத்தில் வெளியே வருவது. ஒரு பெண் பெரிய துன்பத்தை ‘கோ த்ரூ’ பண்ணினாள் என்றாலும் அதே ஊசிதான், நாமும் கஷ்டத்தைக் கடந்து வந்தாள் என்றுதானே சொல்கிறோம். மூன்று பொருளையும் தனித்தனியே பாடமாக்கியிருந்தால் நான் இன்றைக்கு மறந்திருப்பேன்.

‘ஓஃப்’தான் எல்லோரையும் உலுப்பிய பாடம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்களே, அதை வைத்தே தொடங்கினார். லைட் ‘வென்ட் ஓஃப்’, இருந்த வெளிச்சம் விலகிவிட்டது. குளிர்சாதனப் பெட்டிக்குள் இருந்த பால் ‘வென்ட் ஓஃப்’, நல்ல நிலையை விட்டு விலகிப் பழுதாகிவிட்டது. ஒருவர் தேத்தண்ணியை ‘கோன் ஓஃப்’ என்றால் அவருக்கு அதில் இருந்த விருப்பம் விட்டுப்போயிற்று. சரி, இதெல்லாம் விலகல். ஆனால் விடிய ஐந்து மணிக்கு அலாரம் ‘வென்ட் ஓஃப்’ என்றால் அது அணையவில்லை, அடிக்கத் தொடங்கியது! லைட்டுக்கு நின்றது, அலாரத்துக்குத் தொடங்கியது, சொல் ஒன்றே. இதற்கு அவர் சொன்ன விளக்கம், துவக்கைப் போலப் பூட்டி வைத்த ஒன்று பூட்டிய நிலையை விட்டு விடுபடுகிறது என்பது. வெடியும் அலாரமும் அந்த வகை. இது நினைவில் வைத்திருக்க ஒரு படம்தான், எல்லா இடத்துக்கும் பொருந்தும் சட்டம் என்று எடுக்காதீர்கள் என்றும் சேர்த்துச் சொன்னார். இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது.

‘கோ டு ஹோம்’ என்று நம்மில் பாதிப் பேர் சொல்வோம், ‘வீட்டுக்கு’ என்பதில் உள்ள ‘க்கு’வை விட மனம் வராது. டீச்சர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: வெளியே போ, மேலே போ, அங்கே போ, இதில் எல்லாம் ‘க்கு’ எங்கே? இல்லை. ஆங்கிலத்தின் ‘ஹோம்’ அந்த இடத்தில் நம் ‘வெளியே’ மாதிரி, ‘க்கு’ அதற்குள்ளேயே இருக்கிறது. ‘அப்ரோட்’, ‘அப்ஸ்டெயர்ஸ்’ இரண்டுக்கும் இதே கதை. அதன் பிறகு நான் ஒரு தடவைகூட அந்தப் பிழையை விடவில்லை.

பஸ்ஸுக்கு ‘ஓன்’, ஓட்டோவுக்கு ‘இன்’ என்பதையும் அப்படித்தான் பதிய வைத்தார். 100ஆம் இலக்க பஸ்ஸில் எழும்பி நிற்கலாம், நடக்கலாம், ரயிலும் கப்பலும் விமானமும் அந்தச் சாதி. ஓட்டோவுக்குள் நிமிரக்கூட ஏலாது. எதில் போனேன் என்று பொதுவாகச் சொன்னால் போதும் என்றால் ‘பை பஸ்’.

வகுப்பு முடிந்து இறங்கும்போது ஒருவர் ‘ஐ வில் கோ அண்ட் கம், மிஸ்’ என்றார். நாம் ‘போறன்’ என்று சொல்லி ஒரு வீட்டுப் படி இறங்குகிற ஆக்கள் இல்லை, ‘போயிட்டு வாறன்’ என்றுதான் சொல்லி வளர்ந்தோம். டீச்சர் அதைத் திருத்தவில்லை. கொழும்பில் நமக்குள் இது நல்ல ஆங்கிலம், எல்லோருக்கும் விளங்கும், லண்டனில் இருப்பவரோடு பேசும்போது மட்டும் திரும்பி வருவேன் என்ற பொருளில் ‘ஐ வில் பி பாக்’ என்று மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். சிரித்து அவமானப்படுத்தும் வகுப்புகளையும் நான் கண்டிருக்கிறேன், ஆகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒருவர் ‘கோ’வின் இறந்தகாலம் ஏன் ‘வென்ட்’ என்று கேட்டதற்கு, ‘செண்ட்’ (send) ‘சென்ட்’ (sent) ஆவது மாதிரி, ‘வெண்ட்’ (wend) என்று வேறொரு பழைய வினை இருந்தது, அதன் இறந்தகாலமான ‘வென்ட்’டை (went) ‘கோ’ எடுத்துக்கொண்டது என்று இரண்டு நிமிடத்தில் முடித்தார்.

இனிக் குறைகள். மேல்மாடி தகரக் கூரை, ஒரே ஒரு மின்விசிறி, பங்குனி சித்திரையில் வெக்கை தாங்க ஏலாது. கரையோர ரயில் பாதை பக்கத்தில், ரயில் போகும் ஒவ்வொரு முறையும் அவர் பேச்சை நிறுத்திக் காத்திருப்பார். அச்சடித்த குறிப்பு தருவதில்லை, ஒரு நாள் வராவிட்டால் அடுத்தவரின் கொப்பியைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். பெரிய குறை, நாம் பேசக் கிடைக்கும் நேரம். விளக்கம் அருமை, ஆனால் இரண்டு மணி நேரத்தில் ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் வாய் திறக்கக் கிடைத்தால் அதிகம். ஸ்போக்கன் என்று பெயர் வைத்த வகுப்புக்கு இது போதாது, டீச்சரிடமும் சொன்னேன். இருவர் இருவராகப் பேசவிட்டுப் பார்க்கிறேன் என்றார், போன ஞாயிறு அரை மணி நேரம் அப்படி விட்டார்.

கூச்சம் போக வேண்டும், வாய் திறந்தால் போதும் என்பவர்கள் இப்போதைக்கு வேறு இடம் பாருங்கள். கேட்பது விளங்க வேண்டும், ஏன் என்று தெரிய வேண்டும் என்பவர்கள் தயங்காமல் சேருங்கள். முதல் வகுப்புக்குக் காசு வாங்குவதில்லை, இருந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். தடித்த கொப்பி ஒன்று கொண்டு போங்கள், தண்ணீர்ப் போத்தலும்.

அடுத்த மாதம் ‘ரன்’. ஒக்ஸ்ஃபோர்ட் பெரிய அகராதியில் அந்த ஒரு வினைக்கு மட்டும் 600க்கு மேல் பொருள் இருக்கிறது என்று டீச்சர் சொன்னார். நான் காசு கட்டிவிட்டேன்.