கொல்லம் முதல் ஆலப்புழை வரை: ஒரு பகல் நேரப் படகுப் பயணம்

கேரளத்துக் காயல்களைப் பார்க்கச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் ஆலப்புழையில் ஒரு படகு வீட்டை வாடகைக்குப் பிடித்து, புன்னமடைக் காயலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதைவிடப் பல மடங்கு நிறைவு தரும் பயணம், கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் சுற்றுலாப் படகில் கொல்லத்திலிருந்து ஆலப்புழை வரை செல்வதுதான் என்பது என் உறுதியான கருத்து. காலை 10.30 மணிக்குக் கொல்லம் படகுத்துறையிலிருந்து புறப்பட்டு, மதிய உணவுக்கும் தேநீருக்கும் கரையில் நிறுத்தி, மாலை 6.30 மணியளவில் ஆலப்புழையில் சேர்க்கும் படகு இது.

தொடக்கத்தில் வருவது அஷ்டமுடிக் காயல். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2002-இல் இடம்பெற்ற இந்த நீர்நிலையும் அதன் சீன வலைகளும் அழகானவைதான். ஆனால் காயல் அகன்று கிடப்பதால் கரை எட்டியே நிற்கிறது. சவறாவை ஒட்டிக் கால்வாய்க்குள் படகு நுழைந்த பிறகுதான் பயணம் உயிர் பெறுகிறது. இடப்பக்கம், கால்வாய்க்கும் அரபிக்கடலுக்கும் நடுவே, 2004 சுனாமி கடுமையாகத் தாக்கிய ஆலப்பாடு என்னும் ஒடுங்கிய நிலத்துண்டு நீண்டு செல்கிறது. வீடுகளின் பின்வாசல் படிகள் நேராகத் தண்ணீரில் இறங்குகின்றன. படியில் துணி துவைப்பவர்களையும் சிறு வள்ளங்களில் வலை எடுப்பவர்களையும் நெருங்கும்போது, கிளம்பும் அலை அவர்கள்மேல் மோதாதபடி படகோட்டும் சராங்கு வேகத்தைத் தணித்துவிடுகிறார். துவைப்பவரும் வாளியைச் சற்று உயர்த்திப் பிடித்து, அலை அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். ஆகாயத்தாமரை அடர்ந்த இடத்தில் கொடிகள் படகை உந்தும் விசிறியில் சுற்றிக்கொண்டபோது, எந்திரத்தைப் பின்னோக்கி இயக்கி அவற்றை உதறிவிட்டு மேலே சென்றார்கள். இந்த நிதானம் இல்லையென்றால் இப்பாதையில் பார்ப்பதற்குப் பாதிகூட மிஞ்சாது.

காயங்குளம் காயலைக் கடந்ததும் திருக்குன்னப்புழையில், படகுகள் கடக்கத் திறந்து மூடும் கதவுகள் கொண்ட நீர்ப்பூட்டு வருகிறது. கடலின் உவர்நீர் குட்டநாட்டு வயல்களுக்குள் ஏறிவிடாமல் தடுப்பதற்கான அமைப்பு இது. அதற்கு அப்பால் உள்ள பல்லனை ஆற்றில்தான், மலையாளத்தின் பெருங்கவிஞர் குமாரன் ஆசான் 1924 ஜனவரி 16 அன்று ‘ரிடீமர்’ என்ற படகு கவிழ்ந்து உயிரிழந்தார். அவரும் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். சாலைகள் பெருகுவதற்கு முன்பு மக்கள் அன்றாடம் போய்வந்த வழியில் நாமும் செல்கிறோம் என்ற உணர்வு, வாடகைப் படகில் காயலை வட்டமிடும்போது கிடைப்பதில்லை. 1993-இல் தேசிய நீர்வழி எண் 3 என அறிவிக்கப்பட்டதும் இந்தப் பாதையை உள்ளடக்கிய நீர்வழிதான்.

மேல்தளத்தில் உட்கார்ந்தால் இரு கரைகளும் நன்றாகத் தெரியும். படகு வடக்கு நோக்கிச் செல்வதால் பிற்பகல் வெயில் இடப்பக்கத்திலிருந்து அடிக்கும். வெயில் ஒத்துக்கொள்ளாதவர்கள் வலப்பக்க இருக்கையைப் பிடிப்பது நல்லது. எட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பது சிறு குழந்தைகளுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் சிரமம்தான். அவர்களுக்கு ஆலப்புழையைச் சுற்றியுள்ள குறுகிய தூரப் படகுகளே போதும். பயணிகள் குறைந்தாலோ பாதையில் வேலை நடந்தாலோ சேவை நிறுத்தப்படுவதும் உண்டு என்பதால், ஊரிலிருந்து கிளம்பும் முன்பே படகுத்துறையில் விசாரித்துக்கொள்ள வேண்டும். தென் மாவட்டத்தவர்கள் செங்கோட்டை, புனலூர் வழியாக ரயிலிலேயே கொல்லத்தை அடையலாம். மழை ஓய்ந்து வெயிலும் ஏறாத டிசம்பர், ஜனவரி மாதங்கள் ஏற்றவை. திரும்பும்போதும் படகைத் தேட வேண்டியதில்லை. ஆலப்புழையிலிருந்து கொல்லத்துக்கு ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம்.